படம் வேண்டாத மக்களின் படங்கள்

(வாசிகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் வாசகம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களிற் சிலருக்கு வியப்பை அளிக்கலாம். தம்மைப் படம் பிடிப்பது தெய்வக் கட்டளைக்கு மாறானது என்று நம்புகின்ற ஒரு சிறு கூட்டத்தாரைப் பற்றியும், அவர்களைப் பிறர் பிடித்த படங்களைப் பற்றியும் பேச வந்திருக்கின்றோம். அவர்கள் வாழ்வது கனடாவின் மேற்குச் சமவெளியிலும் அமெரிக்காவின் வடபகுதியிலுமாகும். ஹட்டறைற்றுகள் என்பது அவர்களுடைய பெயர்.

எங்கோ பனி பெய்யும் நாட்டிலே வாழும் ஒரு சிறு சமயக் கூட்டத்தார் பற்றி இங்கே கூடியிருக்கும் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் கமக்காரரும் அறிய வேண்டிய அவசியம் என்னவென்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு பெருந்தொகையினர் நடுவே ஒரு சிறுதொகையினர் வாழும்போது, பெரியவர் சிறியவரை எதனைக்கொண்டு அறிகின்றனர்? நேரிற் பழகி அறிவோர் சிலர். பத்திரிகையிலும் திரையிலும் காணும் உருவத்தைக்கொண்டு அறிவோரே பலர். அந்த உருவத்தை யார் ஆக்குகின்றனர், எந்த நோக்கத்துடன் ஆக்குகின்றனர் என்பது சிறுதொகையினருடைய நிலத்தையும் உரிமையையும் தொடுகின்ற விஷயமாகிவிடுகின்றது. இந்த உண்மையை ஹட்டறைற்றுகளின் கதை தெளிவாகக் காட்டுகின்றது. ஆகையினாலேதான் அதனை எடுத்துக்கொண்டோம்.

இவர்கள் யார்?

பதினாறாம் நூற்றாண்டிலே ஐரோப்பாவில் கிறித்தவ சமயச் சீர்திருத்தம் எழுந்தபோது, குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்வது பொருந்தாது, அறிவு முதிர்ந்தவன் தானே விரும்பிப் பெறுவதே உண்மையான ஞானஸ்நானம் என்று சொன்ன கூட்டத்தார் சிலர் இருந்தனர். அவர்கள் வாள் எடுக்க மறுத்தனர். சத்தியம் செய்ய மறுத்தனர். அவர்களில் ஒரு பகுதியினர் 1528ஆம் ஆண்டில், மொறேவியா நாட்டிலே, கையிலிருந்த பொருளையெல்லாம் ஒரே துணியில் இட்டுப் பொதுவாக்கினர். ஆதித் திருச்சபையார் எல்லாவற்றையும் பொதுவாக வைத்து வாழ்ந்தனர் என்ற விவிலிய வாசகமே அவர்களுக்கு ஆதாரம். பின்னர் அவர்களை நெறிப்படுத்திய திறோல் நாட்டு யாக்கோபு ஹூட்டர் என்பார் 1536ஆம் ஆண்டில் இன்ஸ்புறூக் நகரிலே தீயிலிட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய பெயரே கூட்டத்தாரின் பெயராயிற்று.

அதன் பின்னர் அவர்களுடைய வரலாறு இடம்பெயர்வின் வரலாறே. மொறேவியாவிலிருந்து திறான்சில்வேனியாவுக்கும், அங்கிருந்து 1770ஆம் ஆண்டளவில் உக்கிறெயினுக்கும் சென்றனர். ருசியாவிலே கட்டாய இராணுவ சேவை வரப்போகின்றது என்று அறிந்து 1874ஆம் ஆண்டு முதல் 1879ஆம் ஆண்டு வரையில் அமெரிக்காவின் தக்கோற்றாப் பிரதேசத்திற் குடியேறினர். அவர்களிற் பொதுவுடைமை வாழ்வை மேற்கொண்டோர் சில நூற்றுவரே. இன்று அவர்களுடைய சந்ததியார் சுமார் 500 குடியிருப்புகளில் வாழ்கின்றனர்.

அமெரிக்காவிலும் அமைதி நீடிக்கவில்லை. முதலாம் உலக யுத்தத்தின்போது, தென் தக்கோற்றாவிலிருந்து அழைக்கப்பட்ட நால்வர் இராணுவச் சீருடை அணிய மறுத்தனர். அவர்கள் அல்கற்றாஸ் தீவுச் சிறையில் இருண்ட அறைகளில் அடைக்கப்பட்டனர். யுத்தம் 1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் திகதி முடிந்த பின்னரும் விடுதலை கிடைக்கவில்லை. வேறொரு இராணுவச் சிறைக்கு மாற்றப்பட்ட அவர்களில் யோசேப்பு, மைக்கேல் ஹோபர் என்னும் சகோதரர் இருவர் சில நாட்களுக்குள் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். உயிரோடு இருந்தபோது எந்தச் சீருடையை அணிய மறுத்தாரோ, அதே சீருடை போர்த்தப்பட்டு யோசேப்பின் உடல் பெட்டியிற் கிடந்ததை அவருடைய மனைவி கண்டார். அந்த ஆண்டிலேயே ஹட்டறைற்றுகளிற் பெரும்பாலோர் எல்லை கடந்து கனடாவுக்குச் சென்றனர்.

படம் ஏன் பாவமாயிற்று?

பத்துக் கட்டளைகளில், மேலே வானத்திலும் கீழே பூமியிலும் உள்ள எதற்கும் உருவம் செய்யலாகாது என்றொரு கட்டளை உண்டு. கிறித்தவருள் மிகப் பலர் அதனை வணக்கத்துக்குரிய விக்கிரகம் பற்றிய விதியென்று மாத்திரம் கொள்வர். ஹட்டறைற்றுகளிற் கண்டிப்பானோர், மனிதன் விரும்பி நின்று எடுப்பிக்கும் புகைப்படத்துக்கும் அது பொருந்தும் என்பர். இதனோடு மற்றொரு கருத்தும் சேர்ந்திருக்கின்றது. தன் உருவத்தைத் தானே பார்த்து மகிழ்வது அகந்தையை வளர்க்கும். அகந்தை வளர்ந்த இடத்திற் பொதுவாழ்வு நிலைக்காது என்பது அவர்களுடைய அனுபவம்.

எல்லாக் குடியிருப்புகளும் ஒரே கண்டிப்புடன் இதனைக் கைக்கொள்வதில்லை. ஹட்டறைற்றுகளுள் மூன்று பிரிவுகள் உள. ஒரு பிரிவில் மறுக்கப்படுவது மற்றொன்றிற் கண்டும் காணாமல் விடப்படுவதுண்டு. பெரியவர்கள் முகம் திருப்பிக்கொள்ளும் இடத்திலே சிறுவர்கள் கமராவின் முன் ஓடிவந்து நிற்பதுமுண்டு. சமயவிதி ஒன்று, மனித இயல்பு ஒன்று என்பது எந்த ஊருக்கும் பொதுவானதே.

படம் பிடித்தோர்

இத்தகைய மக்களின் அன்றாட வாழ்க்கை எங்ஙனம் படமாயிற்று? கிறின் தக்கோனிஸ் என்பவர் ஒல்லாந்து தேசத்திற் பிறந்தவர். ஜேர்மானியர் அந்நாட்டை ஆண்ட காலத்தில், மறைத்து வைத்த கமராவினால் மக்கள் பட்ட பட்டினியைப் படம் பிடித்தோரில் ஒருவர். பின்னர் கனடாவிற் குடியேறிய அவர் 1962ஆம் ஆண்டில் அல்பேற்றா மாகாணத்து ஹட்டறைற்றுகளைப் படம் பிடித்தார். அல்பேற்றாவில் வளர்ந்த கொலின் லோ, கனடிய தேசியத் திரைப்படச் சபைக்காக 1964ஆம் ஆண்டில் அவர்களைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். கிறிஸ்ரின் கப் என்னும் பெண்மணி அமெரிக்காவின் வாஷிங்ரன் மாநிலத்துக் குடியிருப்புகளிற் பிடித்த படங்கள் 1998ஆம் ஆண்டில் நூலாயின. ஜோர்ஜ் வெபர் என்பவர் அல்பேற்றாவின் லிற்றில் போ குடியிருப்புக்குப் பலகாலம் சென்றுவந்து, தம் படங்களை 2005ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

இவர்களிடத்து நாம் பாராட்டும் குணம் பொறுமையாகும். மறுக்கும் மக்களிடம் மறைந்து நின்று படம் பறிப்பது எளிது. வாசலில் நின்று கேட்டு, உள்ளே அழைக்கப்பட்டு, அவர்களோடு உண்டு, அவர்கள் வேண்டாம் என்ற இடத்திற் கமராவைக் கீழே வைத்துக்கொண்டு எடுக்கும் படம் வேறு. முன்னதில் அகப்பட்ட முகமே இருக்கும்; பின்னதில் நம்பிக்கையோடு பார்க்கும் கண் இருக்கும். பார்ப்பவனுக்கு அந்த வேறுபாடு ஒரு கணத்திற் புலப்பட்டுவிடும்.

படங்கள் காட்டும் வாழ்க்கை

இத்தகைய படங்களில் நாம் காண்பவை பெரிய சம்பவங்களல்ல. நீண்ட சாப்பாட்டு மண்டபத்தில் ஆண்கள் ஒரு புறமும் பெண்கள் ஒரு புறமும் வயது வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். புள்ளியிட்ட கருந்துணியைத் தலையிற் கட்டிய பெண்கள் சமையற் கூடத்திலும் மரக்கறித் தோட்டத்திலும் வேலை செய்கின்றனர். மணமான ஆடவர் தாடி வைத்திருக்கின்றனர். மூன்று வயதுக் குழந்தைகள் பாலர் பாடசாலையில் ஒன்றாக உண்டு ஒன்றாக உறங்குகின்றனர். மாலைப் பிரார்த்தனையிலே பதினேழாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பிரசங்கங்கள் வாசிக்கப்படுகின்றன. வீட்டிற் பேசுவது திறோல், கறிந்தியா நாட்டு மலைமக்களின் பழைய ஜேர்மன் வழக்கு. பல நாடுகளைக் கடந்தும் அந்த மொழி அழியவில்லை. அரசாங்கம் ஆங்கிலப் பாடசாலை நடத்துகின்றது; அதற்கு முன்னும் பின்னும் குடியிருப்பார் தம் சொந்த ஜேர்மன் பாடசாலையை நடத்திக்கொள்கின்றனர்.

கமக்காரராகிய உங்களுக்கு அவர்களுடைய வேலை ஒழுங்கு சுவையளிக்கும். ஒரு குடியிருப்பில் 60 பேர் முதல் 150 பேர் வரையில் இருப்பர். போதகர் ஒருவர், பொருளாளர் ஒருவர், கமத்தலைவர் ஒருவர். கோழிக்கு ஒருவர், பன்றிக்கு ஒருவர், பாற்பண்ணைக்கு ஒருவர், பட்டறைக்கு ஒருவர் என்று பொறுப்புகள் பிரிக்கப்பட்டிருக்கும். எவருக்கும் சம்பளம் இல்லை. எவருக்கும் சொந்த நிலம் இல்லை. உணவு, உடை, வீடு, மருந்து யாவும் பொது. ஆனால் இயந்திரத்தை அவர்கள் வெறுப்பதில்லை. அயலவனிடம் உள்ளதை விடப் பெரிய உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் அவர்களிடம் உண்டு.

தொகை பெருகிவிட்டால், வேலைக்கு மிஞ்சிய ஆட்கள் சேர்ந்துவிடுவர், பிணக்குகளும் வரும். ஆகையினால் முன்னரே பணம் சேர்த்துப் புதிய இடத்தில் நிலம் வாங்கி வீடு கட்டுவர். குடும்பங்களை இரு பட்டியலாகச் சமமாக வகுப்பர். எந்தப் பட்டியலார் போவது, எந்தப் பட்டியலார் இருப்பது என்பதை ஒரு பிரிவினர் சீட்டுப்போட்டே தீர்மானிப்பர். அந்த இரவு எல்லாக் குடும்பமும் பொருளைக் கட்டிவைத்துக் காத்திருக்கும். சீட்டு விழுந்தபின் பாதிப் பேர் கட்டவிழ்ப்பர். பாதிப் பேர் புறப்படுவர். முணுமுணுப்புக்கு இடமில்லாத முறை என்று கருதியே இதனைக் கைக்கொண்டனர். சொத்துப் பங்கீட்டில் தலைமுறை தலைமுறையாக வழக்காடும் எவரும் இதனைக் கேட்டு ஒரு கணம் சிந்திக்கலாம்.

அயலார் கொண்ட பகை

இத்தனை அமைதியான மக்கள்மீது பகை எங்ஙனம் வந்தது? அவர்கள் யுத்தத்துக்குப் போகவில்லை. மகனை யுத்தத்துக்கு அனுப்பிய தாய் அதனைப் பொறுக்கவில்லை. அவர்கள் மொத்தமாகவும் மலிவாகவும் பொருள் வாங்கினர். சிற்றூர்க் கடைக்காரன் தன் வியாபாரம் குன்றியதென்றான். அவர்கள் நல்ல விலை கொடுத்து நிலம் வாங்கினர்; தனிக் கமக்காரன் தன் மகனுக்கு நிலமில்லாமற் போகுமென்று அஞ்சினான். இவற்றிற் சில உண்மையான கவலைகள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கவலைகள் சட்டமாகியபோது என்ன நேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1942ஆம் ஆண்டில் அல்பேற்றா மாகாண சபை, பகைநாட்டாருக்கும் ஹட்டறைற்றுகளுக்கும் நிலம் விற்றலாகாது என்று சட்டம் இயற்றியது. எந்த நாட்டோடும் பகை கொள்ளாத, ஆயுதமே எடாத மக்கள் பகைவரோடு ஒரே வாக்கியத்தில் எழுதப்பட்டனர்! யுத்தம் முடிந்த பின்னராயினும் அச்சட்டம் ஒழிந்ததா? 1947ஆம் ஆண்டில் பொதுச்சொத்துச் சட்டம் என்று பெயர் மாற்றி வந்தது. ஒரு குடியிருப்புக்கு 6,400 ஏக்கருக்கு மேல் நிலம் கூடாது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் 40 மைல் இடைவெளி இருத்தல் வேண்டும் என்று அது விதித்தது. 1960ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, புதிய குடியிருப்பு அமைக்க விரும்புவோர் ஒரு சபையின் முன் விசாரணைக்கு நின்று, பின்னர் அரசாங்கத்தின் சம்மதத்தையும் பெறவேண்டியதாயிற்று. விலை பேசி, பணம் கையிலிருந்தும், விற்பவனுக்குச் சம்மதமிருந்தும், வாங்குபவனுடைய சமயம் இன்னதென்பதற்காக நிலம் கைமாறாது!

வழக்கு மேல்நீதிமன்றம் சென்றது. 1969ஆம் ஆண்டில் கனடிய உயர் நீதிமன்றம், இச்சட்டம் நிலவுடைமை பற்றியதேயன்றிச் சமயம் பற்றியதன்று எனக் கூறி, அதனைச் செல்லுபடியாக்கிற்று. பொதுவாக நிலம் வைத்திருப்பதே எவருடைய சமயமோ, அவருடைய நிலத்தைக் கட்டுப்படுத்துவது சமயத்தைத் தொடுவதாகாது என்றால், தர்க்கம் அழகாயிருக்கலாம். நியாயம் எங்கே என்று கேட்கத் தோன்றுகின்றது. அல்பேற்றா தனக்கென உரிமைச் சாசனம் ஒன்றை 1972ஆம் ஆண்டில் இயற்றிக்கொண்ட பின்னர், 1973ஆம் ஆண்டில் அச்சட்டம் நீக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சமயத்தாருக்கென்று தனி நிலச்சட்டம் நிலவிற்று.

தக்கோனிஸ் படம் பிடித்த 1962ஆம் ஆண்டும், லோ திரைப்படம் எடுத்த 1964ஆம் ஆண்டும் அச்சட்டம் நடைமுறையிலிருந்த காலம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். நிலத்தை விழுங்கும் கூட்டம் என்று மேடைகளிற் பேசப்பட்டவர்களை, அப்படங்கள் சோறு சமைப்போராகவும் பிள்ளை வளர்ப்போராகவும் காட்டின. புகைப்படங்களாற் சட்டம் ஒழிந்தது என்று நாம் சொல்லமாட்டோம். அது மிகைபடக் கூறலாகும். ஒரு மக்களை வெறும் தொகையாகவும் ஏக்கராகவும் எண்ணிப் பழகியவன் கண்முன் ஒரு முகத்தைக் கொண்டுவந்து வைத்தல் சிறிய காரியமன்று என்று மாத்திரம் சொல்வோம்.

படங்கள் காட்டாதவை

நிற்க, நாம் ஒரு பக்கத்தை மாத்திரம் பேசினால் வழக்கறிஞர் நண்பர்கள் நம்மை விடமாட்டார்கள்.

அழகிய படம் அனைத்தும் சொல்லிவிடுவதில்லை. சாப்பாட்டு மண்டபத்துப் படத்திலே பெண்களின் முகத்து அமைதி தெரியும். குடியிருப்பின் கூட்டங்களில் ஞானஸ்நானம் பெற்ற ஆடவர்க்கே வாக்குண்டு, பெண்களுக்கு வாக்கில்லை என்பது தெரியாது. வேலை செய்யும் இளைஞனின் தோள்வலிமை தெரியும். அவன் விட்டுப் பிரிந்தால் வெறுங்கையோடு போகவேண்டும் என்பது தெரியாது. மனிற்றோபா மாகாணத்திலே வேறொரு சமயக் கூட்டத்தைச் சேர்ந்தமைக்காக வெளியேற்றப்பட்ட சிலர், தாம் உழைத்த சொத்தில் பங்கு கேட்டு வழக்காடினர். 1970ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அவர்களுக்குப் பங்கில்லை என்று தீர்ப்பளித்தது. அதே மாகாணத்தில், பன்றித் தீவனத் தொட்டியொன்றைப் புனைந்த உரிமை பற்றிய பிணக்கில் ஒருவர் வெளியேற்றப்பட்டார். முறையான அறிவித்தல் கொடாமலும், தம் பக்கத்தைச் சொல்ல இடம் அளியாமலும் வெளியேற்றியது செல்லாது என்று 1992ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவ்விரண்டு தீர்ப்புகளையும் நாம் ஒருங்கு வைத்துப் படிக்கின்றோம். ஒரு சமூகத்தார் தம் விதிப்படி வாழ உரிமை உண்டு. அந்த விதியும் தன்னுள்ளே வாழும் தனிமனிதனுக்கு நியாயம் செய்தே தீரவேண்டும். பெரியவனிடம் சிறியவன் கேட்கும் நியாயத்தை, சிறியவன் தன்னிலும் சிறியவனுக்கு மறுத்தல் பொருந்தாது.

மற்றொன்று. இம்மக்களைப் பற்றிய பேர்பெற்ற படங்களிற் பல கறுப்பு வெள்ளைப் படங்கள். பார்த்தவுடனே இவர்கள் பழங்காலத்தவர், நம்மோடு ஒரே காலத்தில் வாழாதவர் என்ற மயக்கம் உண்டாகும். புள்ளித் துணியும் கறுப்புச் சட்டையும் படத்துள் இருக்க, கணிப்பொறி பூட்டிய உழவு இயந்திரம் படத்துக்கு வெளியே நின்றுவிடும். வெறுப்பவன் ஒருவனை அரக்கனாக்குகின்றான்; வியப்பவன் அவனை அரும்பொருட்சாலையில் வைக்கின்றான். இரண்டிடத்திலும் மனிதனுக்கு இடமில்லை.

2012ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மொன்ரானா மாநிலத்துக் குடியிருப்பொன்றை வைத்துத் தொடர் நிகழ்ச்சி ஒன்று வந்தது. அன்றாட வாழ்வை உள்ளபடி காட்டுவதாகச் சொல்லப்பட்டது. ஆனால் அதிற் பூசலும் கிளர்ச்சியும் முன்வைக்கப்பட்டன. ஹட்டறைற் சமயத் தலைவர்கள், இது எங்கள் வாழ்வன்று, ஆக்கப்பட்ட கதை என்று பகிரங்கமாகக் கண்டித்தனர். கமரா ஒன்றுதான், பிடித்தவனின் அவசரமும் வியாபார நோக்கமும் படத்தை மாற்றிவிட்டன.

இதற்கு மாறாக, மனிற்றோபாக் குடியிருப்பொன்றிற் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர் தாமே கமராவைக் கையில் எடுத்துத் தம் மக்களைப் படம் பிடித்தார். பின்னர் குடியிருப்பை விட்டு வெளியேறி, அப்படங்களை உலகுக்குக் காட்டினார். உள்ளிருந்து பார்த்த கண்ணாதலின், அவற்றிலே சிரிப்பும் விளையாட்டும் வண்ணமும் நிறைந்திருக்கின்றன. பிறர் படங்களிற் கண்ட கடுமை பிடித்தவரின் எதிர்பார்ப்பினாலும் வந்திருக்கலாம் என்பதை அவை உணர்த்துகின்றன.

அரசு கேட்ட படம்

இனி இக்கதையின் முக்கியமான பகுதிக்கு வருகின்றோம்.

அல்பேற்றா அரசாங்கம் 1974ஆம் ஆண்டில் சாரதி அனுமதிப் பத்திரத்திற் புகைப்படம் சேர்த்தது. சமய காரணத்தால் மறுப்போருக்கு விலக்கும் அளித்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எந்தக் கேடும் இல்லாமல் அவ்வொழுங்கு நடந்தது. 2003ஆம் ஆண்டில், ஆள்மாறாட்ட மோசடியைத் தடுக்க வேண்டுமெனக் கூறி, எவருக்கும் விலக்கில்லை என்று புதிய விதி வந்தது. அப்போது படமில்லாத பத்திரம் வைத்திருந்தோர் சுமார் 450 பேர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் ஹட்டறைற்றுகள்.

வில்சன் குடியிருப்பார் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் கேட்டது பெரிதன்று. எங்களுடைய பத்திரத்தில், இஃது ஆளடையாளத்துக்குப் பயன்படாது என்று பொறித்துத் தாருங்கள். நாங்கள் வாகனம் ஓட்டிச் சந்தைக்கும் வைத்தியரிடமும் போனாற் போதும் என்றனர். அரசாங்கமோ, படத்தை எடுத்து மூடிய உறையில் இட்டுத் தருகின்றோம், நீங்கள் பார்க்க வேண்டியதில்லை என்றது. பார்ப்பது பாவமா, எடுக்க இசைவது பாவமா என்பதே விளங்காதவர் சொல்லும் சமாதானம் அது.

கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் ஹட்டறைற்றுகளின் பக்கம் நின்றன. ஆனால் 2009ஆம் ஆண்டு யூலை 24ஆம் திகதி கனடிய உயர் நீதிமன்றம், நால்வர் ஒரு பக்கமும் மூவர் ஒரு பக்கமுமாகப் பிரிந்து, அரசாங்கத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பிரதம நீதியரசர் மக்லக்லின் அவர்களின் தீர்ப்பு, வாகனம் ஓட்டுதல் ஓர் உரிமையன்று. வேண்டுமாயின் குடியிருப்பார் வெளியாளைச் சாரதியாக அமர்த்திக்கொள்ளலாம். செலவும் வசதிக் குறைவும் உண்டாயினும் சமயத்தைக் கைவிடும்படி எவரும் கட்டாயப்படுத்தப்படவில்லை என்று கூறிற்று. மாறுபட்ட தீர்ப்பளித்தோருள் ஒருவரான நீதியரசர் அபெல்லா அவர்கள், அம்மாகாணத்தில் 700,000 பேருக்கு மேற்பட்டோர் அனுமதிப் பத்திரமே இல்லாமல் இருக்க, அவர்கள் முகமெல்லாம் அரசாங்கப் பதிவில் இல்லாதிருக்க, இச்சிலருடைய படத்தாற் பெறும் பாதுகாப்பு மிக அற்பம். பிறரை நம்பியிராது தம் காலில் நிற்பதையே சமயமாகக் கொண்டவர்க்கு நேரும் நட்டமோ பெரிது என்றார்.

அரசாங்கத்தின் கவலை பொய்யென்று நாம் சொல்லவில்லை. மோசடி உண்டு, அதனைத் தடுத்தல் அரசின் கடமை. இருப்பினும் முப்பது ஆண்டு கேடின்றி நடந்த விலக்கைக் கேடு எதுவும் காட்டாமலே பறித்ததை நாம் நியாயம் என்று கொள்ள முடியவில்லை. சிறுபான்மையோரின் இழப்பை வெறும் வசதிக் குறைவென்று பெரும்பான்மையோர் மதிப்பிடும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. ஒருவனுக்கு எது வசதிக் குறைவு, எது உயிர்நிலை என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவன் கையில் இல்லாமற்போவதே சிறுபான்மையாயிருத்தலின் இலக்கணம் போலும்.

கனடாவில் இன்று தமிழ் பேசும் மக்கள் இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். அங்கு வாக்குரிமை பெற்றவர் பலர். தம்முடைய கோயிலுக்கும் மொழிக்கும் எந்தச் சாசனத்தை அவர்கள் துணையாக நம்புகின்றனரோ, அதே சாசனத்தின் கீழேதான் வில்சன் குடியிருப்பாரும் நீதி கேட்டனர். அயலாருடைய தோல்வியும் தம்முடைய விஷயமே என்பதை அவர்கள் உணர்வார்களாக.

நாம் கற்கவேண்டியவை

இரண்டு படங்களை உங்கள் மனத்தில் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று, வாசலில் நின்று கேட்டவனுக்கு விரும்பிக் கொடுத்த படம். மற்றொன்று, கொடாவிட்டால் உன் வண்டி தெருவில் ஓடாது என்று கேட்ட படம். இரண்டும் ஒரே முகமாயிருக்கலாம்; ஒரே கமராவால் எடுத்தவையாயிருக்கலாம். முன்னது கொடை, பின்னது வரி. மறுக்கும் உரிமை உள்ள இடத்திலேதான் கொடுக்கும் பெருமையும் உண்டு.

ஆகையினால், இனிமேல் நீங்கள் எந்த மக்களின் படத்தைப் பத்திரிகையிற் கண்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதனை எடுத்தவர் கேட்டு எடுத்தாரா? இதில் விடுபட்டது என்ன? இதனைப் பார்த்தபின் அம்மக்களுக்கு நன்மை வருமா, தீமை வருமா? இந்த மூன்றுக்கும் விடை காணாமல் ஒரு சமூகத்தை நேசிக்கவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம்.

அல்பேற்றாச் சமவெளியிலே கோதுமை அறுவடைக் காலத்தில், படம் இல்லாத பத்திரம் கேட்டு நின்ற அந்த மக்கள் இன்றும் தம் பொதுமேசையில் ஒன்றாக அமர்ந்து உண்கின்றனர். அவர்களுடைய எல்லாக் கொள்கையையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. அவர்களுடைய மறுப்பைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு நம் மனம் விரிந்தாற் போதும்.